முதலில் இஞ்சு டேப்பை எடுங்கள்

30 வருடமாக ஊரார் இடுப்பை அளந்து தைக்கிறேன். என் இடுப்பை நான் அளந்ததே இல்லை. தோலில் செதில் செதிலாகப் படை வரும் சொரியாசிஸ் நோய் எனக்கு வந்த பதினோராவது வருடம் தோல் மருத்துவர் கேட்டார்: "உங்கள் இடுப்பளவு என்ன?" படையைக் காட்ட வந்தவனிடம் இடுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று கோபம்தான் வந்தது. 34 என்றேன். பேண்ட் அளவு அதுதான். அவர் சிரித்துவிட்டு டேப்பை எடுத்தார். 40 அங்குலம், எடை 86 கிலோ.

தொப்பை உள்ள ஆண்கள் பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். அங்கே அளந்தால் 34தான் வரும். தொழில் தெரிந்த நானே அப்படித்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, இறுக்காமல் அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

தோல் நோய்க்கும் தொப்பைக்கும் என்ன உறவு? ஒரு மாதம்போல் எடுத்துக்கொண்டு மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள், சொரியாசிஸில் சில நாட்களிலேயே வந்து குவிகின்றன. வெள்ளைச் செதில் அதுதான். இதைத் தூண்டும் அழற்சிப் பொருள்களில் சிலவற்றைத் தொப்பைக் கொழுப்பும் சுரக்கிறது. அதனால் எடை கூடினால் நோய் முற்றலாம், மருந்தும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குப் படை தணிகிறது.

எனக்கு 8 கிலோ குறைய 14 மாதம் ஆனது. பட்டினி கிடக்கவில்லை. கடையில் உட்கார்ந்தபடி குடித்த ஆறு டீயை இரண்டாக்கி, சர்க்கரையை விட்டேன். நாலு மணி வடை போயிற்று. இராத்திரிப் பரோட்டா மாதத்திற்கு ஒருமுறை. கடையைப் பூட்டியதும் 40 நிமிட நடை. முழங்கால் படை மறைந்தது, முழங்கை மெலிந்தது. தலையில் இருப்பது மட்டும் அசையவில்லை. செதில் உதிர்ந்தால் பளிச்சென்று தெரியும் என்று, நீல நிறத் துணியை வெட்டும்போது இன்னும் தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறேன்.

குறைகிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் பொய் சொல்லும். விரல்களோடு சேர்ந்த உங்கள் உள்ளங்கை, உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். படை எத்தனை கை அளவு என்று மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். எனக்கு 12 கை இருந்தது, 4 ஆனது. 10 கைக்கு மேல் போனால் கடுமையான நிலை. முகம், உள்ளங்கை, பிறப்புறுப்பு என்றால் ஒரு கை அளவே பெரிய தொல்லைதான். மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் ஒருவர் கொடுத்த பொடியை நம்பி மோசம்போனவன் நான். பத்தே நாளில் தோல் பளபளவென்று ஆனது. நிறுத்திய இரண்டு வாரத்தில் உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து, நடுக்கத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி வெடிக்கக்கூடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியமும்கூடப் படையைக் கூட்டலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே "எனக்குச் சொரியாசிஸ்" என்றிருக்கட்டும்.

பீடி, சிகரெட்டை விடுங்கள். மதுவும் வேண்டாம். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கல்லீரல் இரட்டைச் சுமை தாங்காது. அந்த மாத்திரை வாரத்திற்கு ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. என்னுடையது ஞாயிறு. தினசரி காலண்டரில் சிவப்புத் தாள் வந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் இல்லை.

தீபாவளிக்கு முன் ஒரு மாதம் எனக்குத் தூக்கம் கிடையாது, அப்போதெல்லாம் படை தலைதூக்கும். இப்போது ஆயுத பூஜையோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுகிறேன். வருமானம் குறைந்தது, வீட்டில் முணுமுணுப்பும் உண்டு.

கடைசியாக நகம். என் கட்டை விரல் நகத்தில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் விழுந்தன. விரலில் மாட்டும் அங்குஸ்தானில் இருக்குமே, அச்சு அசல் அதே போல. ஊசி குத்திய தழும்பு என்று விட்டுவிட்டேன். நகத்தில் சொரியாசிஸ் வந்தவர்களுக்கு மூட்டிலும் வரும் வாய்ப்பு அதிகம். காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரம் மடங்க மறுத்தால், குதிகால் வலித்தால், ஒரு விரல் மட்டும் முழுதாக வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் மூட்டு கெட்டுவிடும், கெட்டது திரும்பாது. நான் எட்டு மாதம் தாமதித்தேன். என் வலது சுட்டுவிரல் இப்போது முழுவதும் மடங்காது; பட்டன் துளை தைக்கும் வேலையைக் கையாளிடம் கொடுத்துவிட்டேன்.