கடைக் கணக்கு மென்பொருளுக்கு எந்தத் தரவுத்தளம்?

சம்மாந்துறை அரிசி ஆலையின் நெல் கொள்வனவுக் கணக்கோ, கல்முனைப் பலசரக்குக் கடையின் பில்லோ, மென்பொருள் ஒரே கணினியில்தான் ஓடப்போகிறது என்றால் எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளம் போதும். சேவர் நிறுவ வேண்டாம். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். மூன்று கல்லாவில் ஒரே நேரத்தில் பில் அடிக்கும் கடை என்றால் தொடக்கத்திலேயே சேவரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தைப் போடுங்கள். எஸ்கியூலைட் கோப்பை நெட்வேர்க் ஃபோல்டரில் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இருவர் ஒரே நேரத்தில் எழுதுவதைத் தடுக்கும் கோப்புப் பூட்டை அங்கே நம்ப முடியாது, தரவு சிதையலாம்.

கோப்பை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளேயும் வைக்க வேண்டாம்; சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதியில்லை. பயனரின் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டர் பொருத்தமான இடம். விலைகளைத் தசமமாக அல்ல, சதக்கணக்கில் முழு எண்ணாகச் சேமியுங்கள்.

அதிகம் வரும் முறைப்பாடு ‘டேட்டாபேஸ் இஸ் லொக்ட்’ (தரவுத்தளம் பூட்டியிருக்கிறது). எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒரு இணைப்புத்தான் எழுதலாம். பில் திரை திறந்ததுமே, மாற்றங்களை ஒரே தொகுதியாகச் சேமிக்கும் டிரான்ஸாக்சனைத் தொடங்கி, காசாளர் பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்கும்வரை திறந்தே வைத்தால் எழுத வரும் மற்ற இணைப்புகள் எல்லாம் வெளியே நிற்கும். பொருள்களை நினைவகத்தில் வைத்திருங்கள். ‘சேமி’ அழுத்திய பிறகு ‘பிகின் இமீடியட்’ என்று தொடங்கி, எழுதி, உடனே ‘கொமிட்’ செய்யுங்கள். வெறும் ‘பிகின்’ போட்டு, வாசித்துவிட்டு எழுதப் போனால், இடையில் வேறோர் இணைப்பு எழுதியிருக்கும் பட்சத்தில் காத்திருக்காமலே பிழை வரும். பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்கும் நேரமான ‘பிஸி டைம்அவுட்’டை 5000 மில்லிசெக்கன் ஆக்குங்கள். இதையும், அட்டவணைகளுக்கிடையிலான தொடர்பைக் காக்கும் ‘ஃபொரின் கீஸ்’ பிரக்மாவையும் (அமைப்புக் கட்டளை) ஒவ்வோர் இணைப்பிலும் புதிதாகப் போட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பூட்டினால், அதே கோப்பை யாராவது டிபி பிரவுசர் என்ற தரவுத்தளக் கருவியில் திருத்திவிட்டுச் சேமிக்காமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது மின்வெட்டு. மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் ‘வால்’ (WAL) முறையில் ‘சிங்க்ரோனஸ்’ அமைப்பை ‘நோர்மல்’ என்று வைத்தால் கோப்பு கெடாது. ஆனால் கரண்ட் போவதற்குச் சற்று முன் அடித்த பில்கள் காணாமல் போகலாம். காசுக் கணக்குக்கு ‘ஃபுல்’ வையுங்கள். கணினி மீண்டும் எழும்பியதும் பக்கத்தில் கிடக்கும் ‘வால்’ கோப்பைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்: பிரதான கோப்புக்கு இன்னும் போய்ச் சேராத பில்கள் அதில்தான் இருக்கின்றன. மென்பொருள் ஓடும்போது பிரதான கோப்பை மட்டும் பென்டிரைவுக்குக் கொப்பி எடுப்பதும் இதனால்தான் பிழை. ‘வேக்கியூம் இன்டூ’ கட்டளையால் எடுங்கள். முழுமையான ஒற்றைக் கோப்பு கிடைக்கும்.

‘மால்ஃபோம்ட்’ (தரவுத்தளம் சிதைந்துள்ளது) என்று வந்தால் முதலில் மென்பொருளை மூடி, பிரதான கோப்பையும் கூட இருக்கும் கோப்புகளையும் சேர்த்துக் கொப்பி எடுங்கள். மூலத்தைத் தொடாமல் கொப்பியில் ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டுங்கள். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸில் மட்டும் பழுது என்றால் ‘ரீஇன்டெக்ஸ்’ தீர்த்துவிடும். அட்டவணையே கெட்டிருந்தால் ‘ரிகவர்’ கட்டளையால் மீட்டதைப் புதிய கோப்பில் ஏற்றி, பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

பெயர் தேடினால் அகப்படவில்லை என்பதும் அடிக்கடி வரும். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றக்கூடாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக் குறிகள். யூனிகோடிலும் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தரவுத்தளத்துக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.