டிராஃப்டுக்கு முன் அணியின் தேவையைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல், கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளம் வீரர்களை 32 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் நடக்கிறது. மூன்று நாட்கள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்ற அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இடம். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ரசிகர்களும் எழுத்தாளர்களும் ஒவ்வொரு அணிக்கும் ஒரு தேவைப் பட்டியலைத் தயாரித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல்களைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை செப்டம்பரில் யார் களமிறங்குவார் என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன. ஆனால் டிராஃப்டில் வரும் வீரர் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தோடு வருகிறார். முதல் சுற்றில் வந்தவரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. நான்கைந்து ஆண்டுகளுக்கான முடிவை ஐந்து மாதக் கணக்கை வைத்து எடுப்பதில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

கண்முன் காலியான இடத்தை மட்டுமே தேவை என்று எண்ணுவது

இதற்கு 2020இன் டல்லாஸ் கவ்பாய்ஸைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ரிசீவர்களைக் காவல் காக்கும் முதன்மைக் கார்னர்பேக் பைரன் ஜோன்ஸ் மயாமிக்குப் போனார். எதிரணியில் பந்தை வீசும் குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் ராபர்ட் குவின் சிகாகோவுக்குப் போனார். குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் நடுவில் நின்ற சென்டர் டிராவிஸ் ஃபிரெடெரிக் ஓய்வு பெற்றார். மூன்று இடங்கள் கண்முன்னே காலியாகக் கிடந்தன. பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் பக்கமோ நிறைவாகவே தெரிந்தது. அமாரி கூப்பர், மைக்கேல் கேலப் இருவருமே 2019இல் ஆயிரம் யார்டுகளைக் கடந்திருந்தார்கள். கூப்பருக்கு ஐந்தாண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள புதிய ஒப்பந்தமும் அப்போதுதான் கையெழுத்தாகியிருந்தது. மூன்றாம் ரிசீவர் ராண்டல் காப் விலகியதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆகவே 17ஆம் இடத்தில் அணி ரிசீவர் சீடீ லாம்பை எடுத்தபோது, தேவையை விட்டுவிட்டு அலங்காரம் வாங்கிவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் பலர்.

இப்போது அதே அணியை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி. பெயருக்குப் பக்கத்தில் வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, பெரிய இழப்பில்லாமல் அணி அவரை விடுவிக்கக்கூடிய முதல் ஆண்டு. கேலப்பின் வரியில் ஒப்பந்தம் 2021 பருவத்தோடு முடிகிறது. கூப்பரின் வரியில் தொகை பெரிதாக இருந்தாலும், இரண்டு பருவங்களுக்குப் பிறகு அணி விலகிக்கொள்ள வழி இருக்கிறது. நிறைவாகத் தெரிந்த அந்த இடம் 2022இல் ஒரே நேரத்தில் காலியாகக்கூடியது என்பதை அந்த இரண்டு வரிகளே சொல்லிவிடுகின்றன. நடந்ததும் ஏறத்தாழ அதுதான். 2022 மார்ச்சில் கூப்பர் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்டார். கேலப் அதே ஆண்டு ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து கிடந்தார். லாம்ப் அணியின் முதன்மை ரிசீவரானார். 2023இல் அவர் பிடித்த 135 பந்துகள் அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிகம்.

காலியாகக் கிடந்த இடங்களையும் அந்த அணி மறந்துவிடவில்லை. கார்னர்பேக்குக்கு இரண்டாம் சுற்றில் 51ஆம் இடத்தில் டிரெவான் டிக்ஸ் வந்தார்; அடுத்த ஆண்டே 11 பந்துகளை இடைமறித்து லீகில் முதலிடம் பிடித்தார். சென்டருக்கு நான்காம் சுற்றில் டைலர் பியாடிஷ் வந்தார். தேவையை மறுக்காமலேயே, அதை எந்தச் சுற்றில் நிறைவேற்றுவது என்பதைத் தனிக் கேள்வியாகப் பிரித்துவைத்ததில்தான் அந்தத் தேர்வுகளின் அறிவு இருந்தது.

எண்ணைச் சூழலிலிருந்து பிரித்து எடுப்பது

பாஸ் தடுப்பில், அதாவது எதிரணியின் வீச்சுகளைத் தடுப்பதில், 28ஆம் இடம், ஆகவே கார்னர்பேக் வேண்டும் என்று எழுதுவது எளிது. ஆனால் ஒரு அணி பெரும்பாலான ஆட்டங்களில் முன்னிலையில் இருந்தால், பின்தங்கிய எதிரணி வேறு வழியின்றிப் பந்தை வீசிக்கொண்டே இருக்கும். விட்டுக்கொடுத்த யார்டுகளின் மொத்தம் தானாகவே ஏறும். அதே காரணத்தால் ஓட்டத் தடுப்பு, உண்மையைவிட அழகாகத் தெரியும். மொத்த யார்டுகளை விட்டு, ஒரு வீச்சுக்கு எத்தனை யார்டு என்று பார்த்தாலே பாதிப் பட்டியல்கள் மாறிவிடும்.

இன்னும் சிக்கலானது சாக், அதாவது பந்தை வீசுவதற்குள் குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது. சின்சினாட்டி பெங்கால்ஸின் இளம் குவாட்டர்பேக் ஜோ பரோ 2020 நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தை இழந்தார். அடுத்த டிராஃப்டில் ஐந்தாம் இடத்தில் நின்ற அணிக்கு முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன: வரிசையின் விளிம்பில் நின்று குவாட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள் பெனே சூவல், பரோவோடு கல்லூரியில் ஆடிய ரிசீவர் ஜமார் சேஸ். காயப்பட்ட முழங்காலைப் பார்த்தவர்கள் சூவல்தான் தேவை என்றார்கள். அணி சேஸை எடுத்தது. பரோ 2021இல் 51 முறை வீழ்த்தப்பட்டார். லீகில் வேறெந்தக் குவாட்டர்பேக்கும் அவ்வளவு அடி வாங்கவில்லை. சேஸோ 1,455 யார்டுகளோடு அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரரானார், அணி சூப்பர் போல் வரை சென்றது.

வழியில் டென்னசியில் நடந்த பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில் பரோ ஒன்பது முறை வீழ்த்தப்பட்டும் 19-16 என்று அணி வென்றது. கடைசி நொடிகளில் சேஸுக்குப் போன 19 யார்டு வீச்சும், அதையடுத்து இவான் மெக்ஃபெர்சன் 52 யார்டிலிருந்து உதைத்த கோலும் அந்த வெற்றியைத் தந்தன. மெக்ஃபெர்சனும் அதே 2021 டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் வந்தவர். சூப்பர் போலில் பரோ மேலும் ஏழு முறை வீழ்ந்தார். அணி 23-20 என்று தோற்றது. ஆக, யார் சொன்னது சரி? சூவல் டெட்ராய்டில் லீகின் தலைசிறந்த டேக்கிள்களில் ஒருவராக வளர்ந்துவிட்டார் என்பதால் இரு தரப்புக்கும் இன்றும் வாதம் இருக்கிறது. அதே வீரர்களைக் கொண்ட வரிசைக்குப் பின்னால் பந்தை விரைவாக விடுவிக்கும் ஒருவர் நின்றால் எண்ணிக்கை குறையும். நீண்ட நேரம் பந்தைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆட்டத்துக்குக் காத்திருப்பவர் நின்றால் கூடும். ஆகவே 51 என்ற எண்ணை அப்படியே டேக்கிளின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசைக்கு அணி 2022 மார்ச்சில் வெளிச்சந்தையிலிருந்து அலெக்ஸ் காப்பா, டெட் கேரஸ், லயல் காலின்ஸ் என்ற மூன்று அனுபவசாலிகளை வாங்கியது. டிராஃப்டைத் தவிர வேறு கடைகளும் திறந்திருக்கின்றன என்பதைத் தேவைப் பட்டியல் எழுதுபவர் மறக்கக்கூடாது.

காயத்தால் வந்த சரிவையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தின் இரண்டு முதன்மை வீரர்கள் பாதிப் பருவம் வெளியே இருந்ததால் அந்தப் பக்கம் தோற்றது என்றால், அவர்கள் திரும்பி வரும்போது அங்கே தேவைப்படுவது நல்ல மாற்று வீரர்; அவரை மூன்றாம் நாளில் எடுக்கலாம். ஆனால் ஒரே வீரர் மூன்று பருவங்களாகத் தொடர்ந்து காயப்படுகிறார் என்றால், அந்த இடம் காலியாகவே இருக்கிறது என்று எழுதுவதுதான் நேர்மை.

காகிதத்தில் உள்ள பதினோரு பேர்

பழைய வழக்கப்படி தடுப்பு அணியை வரைபவர்கள் பின்னால் நிற்கும் நான்கு டிஃபென்சிவ் பேக்குகளோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்றைய என்.எஃப்.எல்.-இல் தாக்கும் அணி பெரும்பாலும் மூன்று ரிசீவர்களோடு ஆடுவதால், தடுப்பு அணியும் பாதிக்கு மேற்பட்ட ஸ்னாப்களில் (பந்து ஆட்டத்துக்கு விடப்படும் முறைகளில்) ஐந்தாவதாக ஒருவரைப் பின்னால் நிறுத்துகிறது. நிக்கல் என்று அழைக்கப்படும் அந்த ஐந்தாமவர் பல அணிகளில் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் மூன்றாவது லைன்பேக்கரைவிட நெடுநேரம் களத்தில் நிற்கிறார். பட்டியலில் அவருக்கு இடமே இல்லையென்றால், அந்தப் பட்டியல் ஆடப்படாத ஓர் ஆட்டத்துக்கு எழுதப்பட்டது.

பயிற்சியாளர் மாறிய அணிகளில் இது இன்னும் முக்கியம். முன்வரிசையில் மூவரை நிறுத்தும் முறையிலிருந்து நால்வரை நிறுத்தும் முறைக்கு மாறும் அணியில், நேற்றுவரை நன்றாக ஆடியவருக்கு இன்று இடமில்லாமல் போகலாம். வீரர் மோசமாகவில்லை, வேலைதான் மாறியிருக்கிறது.

விட்டுப்போனவரின் நிழலைத் தேடுவதும் இதன் உறவுக்காரத் தவறுதான். 2020 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் தன் தடுப்பு வரிசையின் தூணான டிஃபாரஸ்ட் பக்னரை இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்து 13ஆம் இடத்தைப் பெற்றது. பிறகு ஓர் இடம் கீழே இறங்கி, அதே உடல்வாகுள்ள ஜவான் கின்லாவை 14ஆம் இடத்தில் எடுத்தது. கின்லா முழங்கால் தொல்லையால் 2021இல் நான்கே ஆட்டங்கள் ஆடினார். ஒருவர் செய்த வேலையை இருவரிடம் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பணக் கணக்கை விட்டுவிடுவது

எந்த அணியும் தன் வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு லீக் ஆண்டுதோறும் உச்சவரம்பு வைக்கிறது. 2024இல் அது 25.54 கோடி டாலர். டிராஃப்டின் மதிப்பு இந்த வரம்புக்குள்தான் விளங்கும். 2010இல் முதல் தேர்வாக வந்த குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஐந்து கோடி டாலர் உத்தரவாதமாகவே கிடைத்தது. 2011இல் புதுமுகச் சம்பளத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் மொத்தமே சுமார் 2.2 கோடி. அதிலிருந்து, வெளிச்சந்தையில் விலை உச்சத்தில் இருக்கும் குவாட்டர்பேக், டேக்கிள், எட்ஜ் ரஷர் (விளிம்பிலிருந்து குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்), ரிசீவர், கார்னர்பேக் ஆகிய இடங்களை டிராஃப்டில் நிரப்புவது அணிக்கு இரட்டை லாபம். குறைந்த விலைக்குச் சந்தையில் கிடைக்கும் இடங்களுக்காக முதல் சுற்றைச் செலவழிப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2022இல் ரிசீவர் டைரீக் ஹில்லை ஐந்து தேர்வுகளுக்கு மயாமியிடம் கொடுத்தது. முதல் சுற்றிலேயே கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபி, எட்ஜ் ரஷர் ஜார்ஜ் கார்லாஃப்டிஸ் இருவரையும் எடுத்தது. அடுத்த இரண்டு சூப்பர் போல்களையும் வென்றது. ஹில் போன அன்று எழுதப்பட்ட பட்டியல்களில் முதல் வரி ரிசீவர் என்றுதான் இருந்திருக்கும்.

குவாட்டர்பேக்குக்குத் தனிக் கணக்கு. கிரீன் பே பேக்கர்ஸ் 2005இல் ஏரன் ராஜர்ஸை 24ஆம் இடத்தில் எடுத்தபோது அணியின் குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ் அங்கேதான் இருந்தார். ராஜர்ஸ் மூன்று பருவங்கள் காத்திருந்தார். 2016இல் 12 ஆட்டங்களை வென்ற கேன்சஸ் சிட்டி, அலெக்ஸ் ஸ்மித் இருக்கும்போதே 2017 டிராஃப்டில் 2018இன் முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து 27இலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி, பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. இருக்கிறார் என்பதற்காக இந்த ஒரு இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறு

இதையெல்லாம் படித்துவிட்டு, தேவையே முக்கியமில்லை, இருப்பவர்களில் சிறந்தவரை எடுத்தால் போதும் என்று முடிவு செய்பவர்களும் உண்டு. டெட்ராய்ட் லயன்ஸ் 2003இல் இரண்டாம் இடத்தில் சார்லஸ் ராஜர்ஸ், 2004இல் ஏழாம் இடத்தில் ராய் வில்லியம்ஸ், 2005இல் பத்தாம் இடத்தில் மைக் வில்லியம்ஸ் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றில் ரிசீவரையே எடுத்தது. மைக் வில்லியம்ஸை அடுத்து 11ஆம் இடத்தில் டல்லாஸுக்குப் போன டிமார்கஸ் வேர், 138.5 சாக்குகளோடு பின்னாளில் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். ஏறத்தாழச் சமமான தரத்தில் இருவர் நிற்கும்போது அணியில் ஆள் இல்லாத இடத்துக்குரியவரை எடுப்பதற்குத்தான் தேவைப் பட்டியல் இருக்கிறது. அந்த ஆண்டின் வரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 2020இல் முதல் சுற்றில் மட்டும் ஆறு ரிசீவர்கள் போனார்கள், அப்படிப்பட்ட ஆண்டில் ரிசீவர் தேவைப்படும் அணி பதறி மேலே ஏற வேண்டியதில்லை.

கடைசியாக, டிராஃப்டின் மூன்றாம் நாளான சனிக்கிழமையோடு பட்டியலை மூடிவிடுவது. தேர்வாகாத கல்லூரி வீரர்கள் அன்று மாலையே ஒப்பந்தமாகத் தொடங்குகிறார்கள். விலை குறையக் காத்திருந்த அணிகள் மே மாதத்தில் அனுபவசாலிகளை அழைக்கின்றன. கோடையில் 90 பேராக இருக்கும் அணி ஆகஸ்ட் இறுதியில் 53ஆகச் சுருக்கப்படும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். அவர்களில் மற்ற அணிகள் உரிமை கோரக்கூடிய வேவர் பட்டியலுக்கு வரும் இளைஞர்களைக் கேட்டுப் பெறும் முறையும், பருவத்தின் முதல் மூன்று வாரங்கள் வரை டிராஃப்டின் வரிசைப்படியேதான் நடக்கிறது. ஏப்ரலில் முதலில் நின்ற அணி அங்கேயும் முதலில் நிற்கிறது.