இருட்டில் போகும் சைக்கிளைத் தெரியவைப்பது எப்படி? (கார்க்காரர்களும் படிக்கவும்)

கார்த்திகை மாதம், விடியற்காலை நாலே முக்கால். சென்னை ரயிலில் வரும் மச்சானை அழைத்துவர கீழக்கரைப் பக்கமிருந்து ராமநாதபுரத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் கறுப்புத் தார். வேகம் காட்டும் முள் 80-ல் நின்றது. திருப்புல்லாணிக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு குதிகால் மேலே போய்க் கீழே வந்தது. குதிகால் மட்டும்தான். பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். எதிரே லாரி வராதது என் பாக்கியம்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். அறுபது எழுபது வயதுப் பெரியவர். கேரியரில் சாக்கு, சாக்குக்குள் வீச்சுவலை. சைக்கிளும் கறுப்பு, கட்டியிருந்த சாரமும் (கைலி) இருண்ட நிறம்.

"லைட் இல்லாம வர்றீங்களே அய்யா?" என்றேன்.

"எனக்கு ரோடு நல்லாத் தெரியுதே தம்பி. உன் வண்டி வெளிச்சம் அந்தக் கடைசிலயே தெரிஞ்சுச்சு. நீ எதுக்கு இவ்வளவு வெரசா வந்த?"

இரண்டு கேள்வியும் நியாயம்தான். வண்டி தனக்குத் தெரிகிறது, அதனால் தானும் வண்டிக்காரனுக்குத் தெரிவோம் என்று அவர் நினைத்தார். சாலை காலியாகத் தெரிகிறது, அதனால் காலியாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். அடுத்த வாரமே எங்கள் வீட்டு சைக்கிளை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். இரண்டு முறை சொதப்பி மூன்றாவது முறை சரியாக வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரேக், பெல், காற்று இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பிரேக் பிடிக்காத சைக்கிளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி என்ன பிரயோசனம்? முதலில் கடைக்குக் கொண்டுபோய் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

1. சரியான ஸ்டிக்கரை வாங்குவது

நம் ஊரில் மின்னுகிற ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றுதான் பெயர். அதில் பாதி, பகலில் பளிச்சென்று இருந்துவிட்டு ராத்திரி தூங்கிவிடும். நமக்கு வேண்டியது லாரியின் பின்பக்கம் ஒட்டியிருக்குமே, உற்றுப் பார்த்தால் தேன்கூடு மாதிரிக் கட்டம் தெரியும் பட்டை. விழுகிற வெளிச்சத்தை அப்படியே வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை அது. லாரி உதிரிபாகம் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டுப் பத்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். படத்தில் பட்டை கண்ணைப் பறிக்க வேண்டும். சும்மா நிறம் மட்டும் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள். இதை மாற்றாதீர்கள். சிவப்பைப் பார்த்தால் தனக்கு முன்னால் போகிறது, வெள்ளையைப் பார்த்தால் எதிரே வருகிறது என்றுதான் வண்டி ஓட்டுபவரின் கணக்கு. அழகுக்காக முன்னால் சிவப்பு ஒட்டினால் அவர் ஏமாந்துபோவார்.

2. துடைப்பது (நான் இரண்டு முறை தோற்ற இடம்)

முதல் முறை, சைக்கிளை எங்கள் வீட்டு அடிபம்பில் நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒட்டினேன். பத்தே நாளில் மட்கார்டு பட்டை வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது. பசை மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

அங்கேதான் விஷயம். எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் உவர்நீர். கழுவிக் காய்ந்ததும் மட்கார்டில் விரலால் தேய்த்துப் பார்த்தால் வெள்ளையாக ஒரு மாவு வரும். உப்பு. பசை இரும்பைப் பிடிக்காமல் அந்த உப்பைப் பிடித்துக்கொள்கிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பசை கழன்றுவிடும். உப்புத்தூளின் மேல் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இரண்டாவது முறை புத்திசாலித்தனமாக சானிடைசர் போட்டுத் துடைத்தேன். அதுவும் போச்சு. கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். அது வழுவழுவென்று ஒரு படலத்தை விட்டுவிடுகிறது.

மூன்றாவது முறை செய்தது இது. ஒரு செம்பு காவிரித் தண்ணீர், அதாவது கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருகிறதே, அது. குடிக்கிற தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்றுவதா என்று வீட்டில் திட்டு விழும். ஒரு செம்புதான் என்று சொல்லிச் சமாளியுங்கள். துணியை நனைத்து இரண்டு முறை துடைக்க வேண்டும். துரு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும் (பெயரே உப்புத்தாள், என்ன செய்வது). நன்றாகக் காய்ந்ததும் மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரே திசையில் துடைக்க வேண்டும். அதன்பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது. மதிய வெயிலில் இரும்பு இளஞ்சூடாக இருக்கும்போது ஒட்டினால் பசை நன்றாகக் கவ்வும். பட்டையின் நான்கு மூலைகளையும் கத்திரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும்.

இப்படி ஒட்டியது எட்டு மாதமாக அசையவில்லை.

3. எங்கே ஒட்டுவது

சீட்டுக்குக் கீழே ஒட்டாதீர்கள். நம் ஊர் சைக்கிளில் கேரியர் காலியாக இருந்த நாள் உண்டா? குடம், கூடை, வலை, ஐஸ் பெட்டி எதையாவது வைத்ததும் மறைந்துவிடும். மட்கார்டின் அடிப்பாகத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒட்டுங்கள். காரின் தாழ்ந்த வெளிச்சம் முதலில் படுகிற இடம் அதுதான். சாக்கு அங்கேயும் தொங்கி மறைக்கும் என்றால் சுருட்டிக் கட்டிவிடுங்கள். அந்தப் பெரியவரின் சைக்கிளில் கடையில் வரும்போதே இருந்த சிவப்பு வட்டம் உடையாமல்தான் இருந்தது, சாக்குக்குள்.

எனக்குப் பிடித்த இடம் பெடல். பெடலின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டினால் போதும். அசையாத புள்ளி மைல்கல்லாகவும் இருக்கலாம், வேலிக்கம்பமாகவும் இருக்கலாம். மேலும் கீழும் மாறி மாறிப் போகும் இரண்டு புள்ளிகள் மனிதன் மட்டும்தான். எனக்கு அன்றைக்கு அந்தக் குதிகால் கண்ணில் பட்டதும் அது அசைந்ததால்தான்.

முன் ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் வெள்ளை, சக்கரக் கம்பிகளில் மஞ்சள். விலக்கில், அதாவது கிளைச்சாலை பிரியும் இடத்தில், குறுக்கே திரும்பும்போது பக்கவாட்டுப் பட்டைதான் காப்பாற்றும்.

4. விளக்கு

பட்டை, வெளிச்சம் பட்டால்தான் மின்னும். எனவே பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று வேண்டும். டைனமோ எனக்குப் பிடிக்காது. சைக்கிள் நின்றால் அதுவும் அணைந்துவிடும், ஆபத்தோ நிற்கும்போதுதான் அதிகம். சார்ஜ் போடுகிற விளக்கும் கடற்கரைக்குச் சரிப்படாது. அந்த ரப்பர் மூடி வழியாக உப்புக்காற்று போய் என்னுடையது இரண்டே மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. பென்சில் பேட்டரி போடுகிற சாதா விளக்கு, பேட்டரி முனைகளில் துளி வாஸ்லின். முடிந்தது. மினுக் மினுக்கென்று அடிப்பதைவிட நிலையாக எரிவதே மேல் என்பது என் கட்சி. மினுக்குகிற விளக்கு கண்ணை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிட விடாது.

5. சோதித்துப் பார்ப்பது

இதை விட்டுவிடாதீர்கள். மச்சான் கடலுக்குப் போகிறவர், கயிறு அளப்பதெல்லாம் பாகம் கணக்கில்தான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய 1.8 மீட்டர். ஊர் மைதானத்தில் காரைத் தாழ்ந்த வெளிச்சத்தில் நிறுத்தி, ஒட்டாத சைக்கிளுடன் ஒருவரை நடந்து தள்ளிப் போகச் சொன்னோம். 20 பாகத்தில், அதாவது 36 மீட்டரில், ஆள் கரைந்துவிட்டார். பிறகு ஒட்டிய சைக்கிள். கயிறு 60 பாகம்தான் இருந்தது, 108 மீட்டர். கயிறு தீர்ந்தும் பெடல் மின்னிக்கொண்டிருந்தது.

(பின்னர் சேர்த்தது: டார்ச் அடித்துப் பார்த்தேன், மின்னவே இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். டார்ச்சை இடுப்பருகே பிடித்திருப்பீர்கள். வெளிச்சம் வந்த இடத்துக்கே திரும்புவதால் இடுப்புக்குத்தான் மின்னும். கண்ணை ஒட்டி, நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் வைத்து அடியுங்கள்.)

6. இனி ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு

அந்த 20 பாகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் 33 மீட்டர் அப்படியே போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 68 மீட்டர், ஏறக்குறைய 38 பாகம். ஆள் தெரிவதோ 20 பாகத்தில். 60-ல் வந்தாலும் 25 பாகம் ஆகும், இடித்துவிடுவோம். 50-ல் வந்தால் 35 மீட்டர், மயிரிழையில் நிற்கும்.

பட்டை ஒட்டிய சைக்கிள் என்றால் 80-லும் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஒட்டிய சைக்கிள் என்றால் நிறுத்தலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் யார் ஒட்டியது? ஓரத்தில் காயப்போட்ட மிளகாயைக் காவல் காத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு? சாலையில் மணல் படிந்திருந்தால் அந்த 35 மீட்டரும் நீளும். நான் இப்போது இருட்டில் 50-ஐத் தாண்டுவதில்லை. கீழக்கரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே அதனால் எனக்குக் கூடுவது ஏழெட்டு நிமிஷம்.

எதிரே லாரி வந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்துகிறோம், சைக்கிள் வந்தால் தாழ்த்துவதில்லை. கண் கூசினால் அவர் மணலில் இறங்கி விழுவார். முந்தும்போது பக்கவாட்டில் ஒரு பாகம் விடுங்கள். இடம் இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள். அப்புறம், உங்கள் கண்ணாடியிலும் விளக்கிலும் படிவது அதே உப்புதான். அதற்கும் ஒரு செம்பு நல்ல தண்ணீர்.

7. சைக்கிளில் ஏறியபின்

வலப்பக்கமாக எதிரே வராதீர்கள். விலக்கு பக்கம்தானே என்று எல்லோரும் செய்வதுதான். இடப்பக்கம் 15 கி.மீ. வேகத்தில் போனால் 80-ல் வரும் கார் உங்களை 65-ல் நெருங்குகிறது. எதிரே போனால் 95-ல்.

பாம்பன் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2 கி.மீ.க்கு மேல் ஒதுங்க இடமில்லை. ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது மண்டபத்திலிருந்து போனால் காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளும். நாமும் அறியாமல் வலப்பக்கம் சாய்ந்தே மிதிப்போம். அப்போது ஒரு பஸ் வலப்பக்கம் முந்தினால் காற்று சட்டென்று நின்றுவிடும். சாய்ந்திருந்த சைக்கிள் பஸ்ஸை நோக்கியே இழுக்கும். பஸ் இழுக்கிறது என்று சொல்வார்கள், உண்மையில் காற்றுதான் கைவிடுகிறது. பின்னால் பஸ் சத்தம் கேட்டதும் மிதிப்பதைக் குறைத்து, ஹேண்டில்பாரை இறுக்கி, நிமிர்ந்து உட்காருங்கள். முடியாவிட்டால் இறங்கி உருட்டுங்கள், ஒன்றும் கேவலமில்லை. பஸ் ஓட்டுபவர்களும் அந்தப் பாலத்தில் சைக்கிளைக் கண்டால் மெதுவாக முந்தினால் புண்ணியம்.

எவ்வளவு செய்தும் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-ஐ அழையுங்கள். உதவியவர் பெயர், முகவரி சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை; 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

பின்னர் சேர்த்தது, இரண்டாவது முறை: தெர்மோகோல் ஐஸ் பெட்டியில் பட்டை ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டாது, அதில் ஈரம் வேறு. பழைய ரெக்சின் சீட்டு உறையில் ஒரு சாண் அகலத் துண்டு வெட்டி, பட்டையை அதில் ஒட்டி, இரண்டு ஓரமும் துளையிட்டுத் தூண்டில் நரம்பால் பெட்டியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பெட்டி உடைந்தால் கழற்றி அடுத்த பெட்டியில் கட்டிக்கொள்ளலாம். முடிச்சு உள்பக்கம் இருக்கட்டும், வெளியே இருந்தால் வலையில் மாட்டுகிறது.