சுவருக்கு எடை மட்டும்தானா? டைனமிக் அனாலிசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலநடுக்கத்திலும் மெஷின் அதிர்விலும் கட்டடம் எப்படி ஆடும் என்று போடும் கணக்குதான் டைனமிக் அனாலிசிஸ். அதில் யூனிட் மாறிப்போவது, சப்போர்ட் போட மறப்பது எல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும். வேலூரில் டிசைன் வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்கிற, ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரியாத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சுவரை எடையாக மட்டும் பார்ப்பது

காட்பாடிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட். கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு தளம், உயரம் 15 மீட்டர். கம்ப்யூட்டரில் மாடல் போட்ட தம்பி ஒன்பது இஞ்சு சுவர்களின் எடையைப் பீம் மேல் ஒழுங்காக ஏற்றியிருந்தார். சுவரின் விறைப்பை, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மையை மட்டும் எங்கும் காணோம். நிறை கூடி விறைப்பு கூடாவிட்டால் அலைவுக் காலம் (கட்டடம் ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம்) நீளத்தானே செய்யும்? சாஃப்ட்வேர் 1.1 நொடி என்றது. செங்கல் சுவர் அடைத்த கட்டடத்துக்கு நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்திய விதிநூல் (கோடு) ஐ.எஸ். 1893 சொல்வது வேறு: உயரத்தை 0.09 ஆல் பெருக்கி, அடிப்பக்க நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 12 மீட்டர் நீளத்துக்கு 0.39 நொடி. நடுத்தர மண்ணில் 0.39 நொடிக்கு, விசையைத் தீர்மானிக்கும் ஸ்பெக்ட்ரம் மதிப்பு 2.5, 1.1 நொடிக்கு 1.24. நிலநடுக்க விசை பாதியாகிவிட்டது! "கம்பி கம்மியாத்தான் சார் வருது" என்று சந்தோஷமாகக் காட்டினார்.

ஸ்பெக்ட்ரத்தில் வரும் பேஸ் ஷியர் (கட்டடத்தின் அடியில் வரும் மொத்தக் கிடைவிசை), கோடு தரும் சூத்திரத்தில் வருவதைவிடக் குறைந்தால் அந்த விகிதத்தால் எல்லா விசைகளையும் பெருக்கியே ஆகவேண்டும். அதையும் விட்டிருந்தார். பெருக்கியிருந்தாலும் பாதிக் கிணறுதான். நிஜத்தில் மேல்தளங்கள் சுவரால் விறைத்து ஒரே பெட்டியாக நகரும். வளைவதெல்லாம் சுவரில்லாத பார்க்கிங் தூண்கள். 2001 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இந்த மாதிரிக் கட்டடங்கள் தரைத்தளம் நசுங்கி விழுந்தன.

"வேலூர்ல எங்க சார் பூகம்பம்?" என்று கேட்காத ஆளில்லை. கோடின் 2016 பதிப்பில் சென்னையைப் போலவே வேலூரும் மூன்றாம் மண்டலம். சுவரை டயகனல் ஸ்ட்ரட்டாக (மூலைக்கு மூலை சாய்ந்த தாங்கியாக) மாடலில் போடுங்கள். மோடு ஷேப்பை, அதாவது கட்டடம் இயல்பாக ஆடும் வடிவத்தை, அனிமேஷனில் ஓடவிடுங்கள். கீழ்த்தளம் மட்டும் சாய்வது கண்ணுக்கே தெரியும். அந்தத் தளத்தில் ஷியர் வாலோ (கிடைவிசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) பிரேசிங்கோ (சாய்வுத் தாங்கிகள்) கொடுக்காமல் டிராயிங்கை வெளியே விடாதீர்கள்.

மெஷின் லோடை இரண்டால் பெருக்கி முடிப்பது

ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் மாடித் தளத்தில் ஃபேன் வைக்கக் கேட்பார்கள். 1500 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 25 சுற்று. தளத்தின் இயல்பு அதிர்வெண்ணும் அதை ஒட்டி வந்தால், 2% டேம்பிங்கில் (ஆட்டத்தைத் தணிக்கும் தன்மை) அசைவு, அதே லோடு அசையாமல் நின்றால் வருவதைப் போல 25 மடங்கு. இரண்டு மடங்கு லோடு எந்த மூலைக்கு? அதிர்வெண்களை விலக்கி வையுங்கள். தளத்தைத் தடிமனாக்கினால் நிறையும் கூடும், மறுபடி கணக்குப் போடுங்கள்.

மோடு எண்ணிக்கை

கணக்கில் எடுக்கும் மோடுகளில் மொத்த நிறையில் 90% சேரும்வரை மோடுகளைக் கூட்டிக்கொண்டே போங்கள், இரு திசையிலும்.

டைம் ஸ்டெப்

நேரத்தைச் சிறு படிகளாக நறுக்கிக் கணக்கிடும்போது ஒரு படியின் அளவு, கணக்கில் எடுக்கும் மிகக் குறுகிய அலைவுக் காலத்தில் பத்தில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். இப்படிக் கணக்கிடும் நியூமார்க் முறையில் விடை சிதறாமல் வந்தாலும் தப்பாக இருக்கலாம்.

டேம்பிங்

நிலநடுக்கத்துக்கு எடுக்கும் 5%-ஐ மெஷின் அதிர்வுக்கு அப்படியே போடாதீர்கள். அசைவு சிறியது, கான்கிரீட் விரிசல் விடாது, டேம்பிங்கும் அந்த அளவுக்கு இருக்காது.