கதையில் பிழை சொல்வது எப்படி?

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிற பிள்ளைகள் நிறைய. கதை எழுதினால் என்னிடம் கொண்டுவந்து, "அக்கா, தப்பு இருந்தா சொல்லுங்க" என்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து நான் பழகிய முறை இது. நண்பரின் கதையை முதல்முறையாகப் பார்க்கப் போகிறவர்கள் இப்படியே தொடங்கலாம்.

முதலில், கையில் எதுவும் எடுக்காமல் கதையை முழுக்கப் படியுங்கள். யார் கதை, யார் சொல்கிறார் என்று பிடிபட்ட பிறகு பென்சிலை எடுக்கலாம். சிவப்பு மை வேண்டாம். பரீட்சைத் தாள் மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, பேச்சையும் விவரிப்பையும் பிரித்துப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் பாட்டி, "மாடெல்லாம் வந்துருச்சா?" என்று கேட்டால் அதைத் தொடவே கூடாது. அது அவள் குரல். விவரிப்பில் 'மாடுகள் வந்தது' என்றிருந்தால் 'வந்தன' என்று குறியுங்கள். எங்கள் பக்கம் இந்தப் பிழை அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. மலையாளத்தில் அவன், அவள், அவர்கள், மாடுகள் எல்லாவற்றுக்கும் 'வந்நு' என்ற ஒரே வினைதான். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. இதை எடுத்துச் சொன்னால் பிள்ளைக்கு மனம் வாடாது, அடுத்த பக்கத்தில் தானே கண்டுபிடிக்கும்.

அப்புறம், பொருளை மாற்றும் பிழைகள். ஒரு பெண் தன் கதைக்கு 'கீரை கடை' என்று தலைப்பு வைத்திருந்தாள். ஓரத்தில், "கீரையைக் கடையச் சொல்கிறாயா, கீரை விற்கும் கடையா?" என்று எழுதிக் கொடுத்தேன். சிரித்துவிட்டு அவளே 'க்' போட்டாள். காற்புள்ளிக்கும் இதே வழிதான். 'நேற்று வந்த மாமாவின் மகள் அழுதாள்' என்ற வரியில் வந்தது யார்? மகள் என்றால் 'வந்த' என்பதற்குப் பின் காற்புள்ளி வேண்டும். மாமா என்றால் இரண்டு வாக்கியமாகப் பிரிப்பது நல்லது. எது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும், அதனால் கேளுங்கள்.

ஒரே பிழை இருபது இடத்தில் இருந்தால் இரண்டைக் காட்டி விதியைச் சொன்னால் போதும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பையன், இந்தத் தெரு. 'வந்த பையன்', 'பெரிய தெரு' இவற்றில் மிகாது. மீதிப் பதினெட்டையும் அவர் தேடட்டும். வரிக்கு வரி ஆச்சரியக்குறி இருந்தால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பாதி தானாக உதிரும்.

கடைசியாக, பிடித்த வரி ஒன்றுக்குக் கீழே கோடு போட்டு, ஏன் பிடித்தது என்றும் எழுதுங்கள். கீரைக்கடைக் கதையில் நான் கோடு போட்டது: 'விற்காத கட்டுகளுக்கு அம்மா மறுபடியும் தண்ணீர் தெளித்தாள்.' பக்கத்தில், "வருத்தம் என்ற சொல்லே இல்லாமல் அன்றைய வியாபாரம் தெரிந்துவிட்டது" என்று எழுதினேன்.