விமானப் பயணத்தில் கைபேசியின் பேட்டரி ஏன் கரைகிறது?
நான்கு மணி நேரம் பைக்குள் சும்மா கிடந்த கைபேசியை, விமானம் தரையிறங்கியதும் எடுத்துப் பார்த்தால் பேட்டரி வெகுவாகக் குறைந்திருக்கும். பேட்டரி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டும் முன், கைபேசியின் சிக்னல் தொடர்பைத் துண்டிக்கும் ஃபிளைட் மோடு இயக்கத்தில் இருந்ததா என்று பாருங்கள். அது இயங்காவிட்டால், சுமார் 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது நிலையான சிக்னல் கிடைக்காததால், கைபேசி கோபுரங்களை விடாமல் தேடிக்கொண்டும், எட்டாத கோபுரத்தோடு தொடர்புகொள்ளத் தன் சிக்னலின் வலுவைக் கூட்டிக்கொண்டும் இருக்கிறது. திரை அணைந்திருந்தாலும் இந்தச் செலவு நிற்பதில்லை.

ஃபிளைட் மோடு இயங்கியும் பேட்டரி இறங்கினால், செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். இன்றைய பெரும்பாலான கைபேசிகளில் ஃபிளைட் மோடு ஜிபிஎஸ்ஸை நிறுத்துவதில்லை. ஆகவே வழிகாட்டும் செயலியோ நடையளக்கும் செயலியோ பின்னணியில் இருப்பிடத்தைக் கணித்துக்கொண்டே இருக்கக்கூடும். அதை மூடிவிடுங்கள். முன்பு ஃபிளைட் மோடில் வைஃபையை இயக்கியிருந்தால், சில கைபேசிகள் அதை நினைவில் வைத்து அடுத்த முறையும் அணைக்காமல் விட்டுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. பேட்டரி சேமிக்கும் ஆற்றலுக்கான பொதுவான வரம்பு 100 வாட்-மணி என்பதால், 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணியாகும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் அதற்குள் அடங்கும். பறக்கும்போது அதைப் பயன்படுத்தச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை; எனவே விமான நிலையத்திலேயே கைபேசியைச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.