ஹைப்பரா, ஹைப்போவா? ரிப்போர்ட்ல இருக்குற வார்த்தைய பிரிச்சுப் படிக்கிறது எப்படி

எங்க அத்தைய டிஸ்சார்ஜ் பண்ணப்ப குடுத்த சம்மரி ரிப்போர்ட்ல "ஹைப்போகிளைசீமியா"ன்னு போட்டிருந்துச்சு, மாமா அத அவசரத்துல ஹைப்பர்னு படிச்சுட்டு, சுகர் ஏறிடுச்சு போலன்னு காபில போடுற அரை ஸ்பூன் சர்க்கரையையும் நிறுத்திட்டாரு. நிஜத்துல சுகர் இறங்கித்தான் அத்தைக்கு மயக்கமே வந்துச்சு! அன்னைக்கே இத எழுதணும்னு நெனச்சேன்.

முதல் ஸ்டெப், வார்த்தையோட தலைய மட்டும் பாருங்க. ஹைப்பர், ஹைப்போ ரெண்டுமே கிரேக்கம். ஹைப்பர்னா மேல, அளவுக்கு மீறி. ஹைப்போன்னா கீழ, அடியில. நமக்கு இது புதுசே இல்லங்க, அணை நிரம்பினா "உபரி நீர் திறப்பு"ன்னு நியூஸ்ல வருதே, சமஸ்கிருதத்துலேருந்து நமக்கு வந்த அந்த உபரியும், கிரேக்க ஹைப்பரும், லத்தீன் சூப்பரும் ஒரே வேர்லேருந்து பிறந்ததுங்க. அதே மாதிரி ஹைப்போவுக்கு சொந்தக்காரன் "உப", உபதலைவர்ல வருதே அதேதான். இதுவும் மறந்து போச்சுன்னா, ஹைப்போல "போ" இருக்கு, கீழ போ, அவ்ளோதான்.

அடுத்து, மிச்சத்த வால்லேருந்து படிங்க. கடைசில ஈமியான்னு இருந்தா ரத்தத்துல, ஹைமான்னா கிரேக்கத்துல ரத்தம். அத்தையோட ஹைப்போகிளைசீமியாவுல நடுவுல வர்ற கிளைஸ், கிரேக்க கிளுக்கூஸ்லேருந்து வந்தது, அப்படின்னா இனிப்பு. இப்ப சேர்த்துப் பாருங்க: ரத்தத்துல, சர்க்கரை, கம்மி. குளுக்கோமீட்டர்ல 70க்கு கீழ காட்டுனா இதத்தான் சொல்றாங்க.

மூணாவது, நீங்களே பழகுங்க. ஹைப்போதைராய்டிசம்? தைராய்டு சுரப்பு கம்மி. (தைராய்டுன்னா கேடயம் மாதிரி இருக்கறதுன்னு அர்த்தம், அழகா இருக்குல்ல.) ஹைப்பர்கேலீமியா? கேலியம்னா பொட்டாசியம், அது ரத்தத்துல ஜாஸ்தி.

ஒரு இடத்துல மட்டும் கவனம். ஹைப்போன்னு பார்த்ததும் எல்லாமே கம்மின்னு முடிவு பண்ணிடாதீங்க, சில வார்த்தைல அது வெறும் இடத்தத்தான் சொல்லும். ஹைப்போடெர்மிக் ஊசின்னா தோலுக்கு அடியில போடுறது, ஹைப்போதலாமஸ்னா மூளைல தலாமஸுக்குக் கீழ இருக்குற பகுதி.

அப்புறம் ஹைப்பர்டென்ஷன். இதுல ஹைப்பர் கிரேக்கம், டென்ஷன் லத்தீன்லேருந்து வந்தது, இழுவிசைன்னு வச்சுக்கலாம். இங்க அது ரத்தக்குழாய்க்குள்ள இருக்குற அழுத்தம், நாம தினமும் சொல்ற மனசு டென்ஷன் கிடையாது, அதனால "நான் டென்ஷனே ஆகமாட்டேன், எனக்கு எதுக்கு பிபி மாத்திரை"ன்னு வீட்ல யாராவது சொன்னா உட்கார வச்சு இந்த வார்த்தைய பிரிச்சுக் காட்டுங்க.